கண்டம் பண்ணின நாற்காலி

போன சனிக்கிழமை லோதி ரோடு பக்கம் ஒரு காட்சிக்கூடத்தில் ஒரு நாற்காலியைப் பார்த்துவிட்டு வந்தேன். இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

சாதாரண நாற்காலிதான். இரும்புக் குழாய்ச் சட்டம், பிளாஸ்டிக் பிரம்புப் பின்னல், உட்காருமிடத்தில் பின்னல் தொய்ந்து ஒரு குழி. கைப்பிடி கிடையாது. முதுகில் மடிப்புக் கலையாமல் ஒரு வெள்ளை டர்க்கி டவல். பின்காலின் உட்பக்கம், குனிந்தால்தான் தெரியும், வெள்ளைப் பெயின்ட்டில் சரக்குப் பதிவேட்டு எண். எதிர்ச் சுவரில் கறுப்பாக ஒரே ஓர் ஆங்கிலச் சொல்: வெயிட். படைப்பு அவ்வளவுதான். மேலே ஒரு விளக்கு, தரையில் தாண்டாதே என்று ஒரு கோடு, பக்கத்துச் சுவரில் ஓர் அட்டை. அட்டையில் பொடி எழுத்தில் ஐந்து பத்தி.

நான் நேரே நாற்காலிக்குப் போனேன். "பெரியப்பா, முதல்ல அதைப் படிச்சிடுங்க. அப்புறமா நாற்காலியைப் பாருங்க. இல்லேன்னா புரியாது" என்றான் என்னை அழைத்துப்போன தம்பி மகன்.

புரியாதாம். எனக்கு. மத்திய அரசாங்கத்து செக்‌ஷனில் உட்கார்ந்தே தலை நரைத்தவனுக்கு இரும்பு நாற்காலி புரியாதாம்.

அன்றைக்குப் பார்வையாளர் புத்தகத்தில் நான் என்ன எழுதினேன், அதனால் என்ன ஆயிற்று என்பதைச் சொல்லத்தான் இதை ஆரம்பித்தேன். அதற்கு முன்னால் அந்த அட்டையைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும்.

நீங்களும் இப்படிப்பட்ட இடங்களுக்குப் போகிறவர்தான், மறைக்க வேண்டாம். உள்ளே நுழைந்ததும் கை தானாகப் பின்னால் போய்க் கட்டிக்கொள்கிறது. படைப்பை ஒரு பார்வை, அட்டையை ஒரு பாராயணம். பிறகு மறுபடியும் படைப்பு, இந்தத் தடவை தலையைச் சாய்த்து. ஓரடி பின்வாங்கல். பின்னால் நிற்பவர் காலை மிதித்தல். ஸாரி. அப்புறம் அந்த 'ம்ம்ம்'. அதில் தர வரிசை உண்டு. ஒற்றை 'ம்' போடுகிறவர் விலை விசாரிக்க வந்தவர். இரண்டு போட்டால் கலைஞருக்கு உறவு. மூன்றுக்கு மேலே போனால் எங்கேயோ விமர்சனம் எழுதப்போகிறார் என்று அர்த்தம். தம்பி மகன் நாலு போட்டான். அவன் வேலை பார்ப்பது குர்காவ்னில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில்.

அட்டையைப் படித்தேன். அதிகாரம் எழுந்துபோன பிறகு மிஞ்சும் இன்மையை நாற்காலி காத்துக்கொண்டிருக்கிறதாம். வெளி தன்னைத் தானே விசாரித்துக்கொள்கிறதாம். பார்வையாளர்தான் படைப்பின் நிறைவேறாத விண்ணப்பமாம். நிறைவேறாத விண்ணப்பங்கள் எனக்கு நிறையத் தெரியும். ஒன்றுகூட ஐந்து பத்தி நீளம் இருந்ததில்லை. இருந்தால் யாரும் படிக்க மாட்டார்கள்.

நாற்காலிக்கு வருகிறேன். இதே நாற்காலி என்று சத்தியம் பண்ண மாட்டேன், ஆனால் இதன் வம்சம் எனக்குத் தெரியும். டி.ஜி.எஸ். அண்ட் டி. என்று ஓர் அலுவலகம் இருந்தது. சர்க்காருக்கு வேண்டிய சாமான்களுக்கு ரேட் கான்ட்ராக்ட் போடுவது அதன் வேலை. 2017 அக்டோபர் 31ஆம் தேதியோடு அந்த அலுவலகத்தையே மூடிவிட்டார்கள். இப்போது எல்லாம் 'ஜெம்' என்கிற இணையச் சந்தையில். நாற்காலி அந்தப் பழைய காலத்துச் சரக்கு. சரி. டவல்தான் இடிக்கிறது. டெல்லியில் டவல் என்பது பதவி. அதிகாரி அறைக்குள் இருக்கிறாரா, பார்லிமென்ட் பக்கம் போயிருக்கிறாரா என்று டவல் சொல்லாது. ஆனால் இது அதிகாரியின் அறைதான் என்று சொல்லிவிடும். கைப்பிடி இல்லாத பிரம்புப் பின்னல் நாற்காலி டிஸ்பாட்ச் குமாஸ்தாவுடையது. அதற்கு டவல் போட எந்த அமைச்சகத்திலும் ஆள் கிடையாது. போட்டால் சாயங்காலத்துக்குள் விளக்கம் கேட்டு மெமோ வரும். ஐந்து பத்தி எழுதியவர், போகிற வழியில் சி.ஜி.ஓ. காம்ப்ளெக்ஸ் வாசலில் டீ குடித்துக்கொண்டிருக்கிற எவரையாவது கேட்டிருந்தால் ஒரு வரியில் சொல்லியிருப்பார்.

தம்பி மகனிடம் சொன்னேன். "அதுதான் பெரியப்பா பாயின்ட்டே" என்றான். இந்தப் பதில் எதற்கும் பொருந்தும். கவனித்துக்கொள்ளுங்கள்.

சரி, சர்க்கார் நாற்காலி காட்சிக்கூடத்துக்கு எப்படி வந்து சேரும்? கண்டம் பண்ணினால்தான், அதாவது இனி பயன்படாது என்று கழித்துக்கட்டினால்தான் வரும். கண்டம் பண்ணுவது லேசுப்பட்ட காரியமா? கால் உடைந்தது என்று தூக்கி எறிய முடியாது. பொது நிதி விதிகள் 2017, 217ஆம் விதியைப் பாருங்கள். ஒரு பொருள் உபரி, வழக்கொழிந்தது, பயன்படாதது என்று அறிவிக்கலாம். ஆனால் காரணத்தைப் பதிவு பண்ண வேண்டும். பதிவு பண்ண வேண்டியவர் அதை வாங்கத் தகுதி வாய்ந்த அதிகாரி. ஆகவே, கால் உடைந்திருப்பதால் மட்டும் அது உடைந்த நாற்காலி ஆகிவிடாது. தகுதி வாய்ந்த அதிகாரி எழுதிக் கையெழுத்துப் போட்ட விநாடியில்தான் ஆகிறது. அதுவரைக்கும் உட்காரலாம். விழுந்தால் உங்கள் பாடு.

மார்செல் துஷாம்ப் பண்ணினதும் இதைத்தான். 1917இல் நியூயார்க்கில் ஒரு பீங்கான் மூத்திரத் தொட்டியை எடுத்து, 'ஆர். மட்' என்று கையெழுத்துப் போட்டு, 'நீரூற்று' என்று பெயர் வைத்து, கட்டணம் கட்டினால் யாருடைய படைப்பையும் வைப்போம் என்று அறிவித்திருந்த கண்காட்சிக்கு அனுப்பினார். வைக்கவில்லை. கலையுலகம் அன்றிலிருந்து இதைப் புரட்சி என்கிறது. எனக்கு இது 217ஆம் விதி. நல்ல நிலையில் இருந்த ஒரு பொருளை, இனி உபயோகத்துக்கு இல்லை என்று தகுதி வாய்ந்த அதிகாரி அறிவித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். காரணத்தைப் பதிவு பண்ணவில்லை, அது ஒன்றுதான் குறை. ஆடிட் பாரா வரும். வந்தது. நூறு வருஷம் தாண்டியும் வந்துகொண்டேயிருக்கிறது. ஒரிஜினல் தொட்டி தொலைந்துபோயிற்று. லண்டன் டேட் மியூசியத்தில் இருப்பது 1964இல் செய்த நகல். அதாவது கெஸட்டட் ஆபீசர் அட்டெஸ்ட் பண்ணின ட்ரூ காப்பி. ஒரிஜினலைக் காட்டாமல் ட்ரூ காப்பியை மட்டும் நீட்டினால் எங்கள் செக்‌ஷனில் திருப்பி அனுப்பியிருப்போம்.

நாற்காலி என்றதும் ஜோசப் கோசுத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1965இல் அவர் வைத்தது மூன்று: ஒரு நாற்காலி, அந்த நாற்காலியின் போட்டோ, அகராதியில் 'நாற்காலி' என்ற சொல்லுக்குப் போட்டிருக்கும் விளக்கத்தின் பெரிய பிரதி. இதில் வேடிக்கை, அந்த நாற்காலி நிரந்தரம் இல்லை. எந்த ஊரில் வைக்கிறார்களோ அந்த ஊர் நாற்காலி ஒன்றை எடுத்துக்கொண்டு, அதைப் புதிதாகப் போட்டோ பிடித்துக்கொள்ளலாம். மாறாதவை அகராதிப் பிரதியும், எப்படி வைக்க வேண்டும் என்று கோசுத் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த குறிப்பும்தான். எங்கள் ஸ்டாக் ரெஜிஸ்டர் இதுதானே! வருஷா வருஷம் சரக்கு சரிபார்க்க ஆள் வருவார். ரெஜிஸ்டரில் இருந்து தரையில் இல்லாத நாற்காலிக்குப் பெயர் 'குறைவு'. தரையில் இருந்து ரெஜிஸ்டரில் இல்லாத நாற்காலிக்கு எந்தப் பெயரும் இல்லை. அதில் ஒருவர் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருப்பார், பாவம்.

ஸோல் லெவிட் என்று ஓர் அமெரிக்கர். கருத்துதான் முக்கியம், செய்து முடிப்பதெல்லாம் சடங்கு என்ற மாதிரி 1967இல் ஒரு கட்டுரை எழுதினார். மறு வருஷத்திலிருந்து சுவர் ஓவியங்கள். குறிப்பு மட்டும் அவருடையது, கோடு போடுவது பெரும்பாலும் வேறு ஆட்கள். படித்ததும் எனக்கு எங்கள் டைரக்டர்தான் ஞாபகம் வந்தார். அவரும் ஃபைல் ஓரத்தில் குறிப்பு மட்டும்தான் போடுவார். 'பேசவும்.' அவ்வளவுதான். ஃபைல் இறங்கி வரும். கீழே இருக்கிறவர் மேலே போய் நிற்பார். பேச்சு நடந்ததோ இல்லையோ, 'பேசியபடி' என்று எழுதி ஃபைல் மறுபடி ஏறும். என்ன பேசினார்கள் என்று எந்தக் காகிதத்திலும் இராது. அடுத்த மேஜையில் அதைப் பார்த்து 'ஒப்புதல்' போடுவார்கள். எதற்கு ஒப்புதல்? பேசியதற்கு. வண்ணம் விஷயத்திலும் நாங்கள் சளைத்தவர்கள் இல்லை. பச்சை மை, சிவப்பு மை எல்லாம் இணைச் செயலாளரும் அதற்கு மேற்பட்டவர்களும்தான் தொடலாம், அதுவும் அபூர்வமாக என்று அலுவலக நடைமுறைக் கையேட்டிலேயே இருக்கிறது. மற்றவர்கள் நீலம், கறுப்பு. எந்த ஓவியரும் தன் நிறங்களை இவ்வளவு கறாராகப் பங்கிட்டுக்கொண்டதில்லை. பச்சை மையில் விழுந்த ஒரு புள்ளிக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் செக்‌ஷனில் ஒரு மத்தியானம் முழுக்க விவாதம் நடந்திருக்கிறது. பேனா கசிந்திருந்தது என்று பிற்பாடு பி.ஏ. வந்து சொன்னார். அதற்குள் ஃபைல் போய்விட்டது.

டைரக்டரின் கையெழுத்தும் ஒரு தினுசு, பணிக்கரின் ஓவியம் மாதிரி. கே.சி.எஸ். பணிக்கர் 1963 வாக்கில் 'வார்த்தைகளும் குறியீடுகளும்' என்று ஓர் ஓவிய வரிசை தொடங்கினார். சென்னைக் கலைக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர், 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை ஆரம்பித்தவர். அந்த ஓவியங்களில் ஜாதகக் கட்டம் போலக் கட்டங்கள், கணக்குப் போல வரிகள், எழுத்துப் போல எழுத்துகள். உற்றுப் பார்த்தால் எந்த மொழியும் இல்லை. படிக்க முடியாது, ஆனால் பார்த்துக்கொண்டே நிற்கலாம். டைரக்டர் எழுதியதைப் பார்த்துக்கொண்டே நிற்க எங்களுக்கு நேரம் கிடைத்ததில்லை. பணிக்கருக்குப் பக்கத்தில் அட்டை வைத்தால் அட்டைக்குத்தான் அவமானம்.

நான் பார்வையாளர் புத்தகத்துக்கு வருவதற்குள் வாழைப்பழம் ஒன்று குறுக்கே கிடக்கிறது.

2019 டிசம்பரில் மயாமியில் மௌரிஸியோ கத்தெலான் ஒரு வாழைப்பழத்தை டேப் போட்டுச் சுவரில் ஒட்டி 1,20,000 டாலர் விலை வைத்தார். 2024 நவம்பரில் அதன் ஒரு பிரதி நியூயார்க் ஏலத்தில் 62 லட்சம் டாலருக்குப் போயிற்று. வாங்கிய கிரிப்டோ வியாபாரி ஜஸ்டின் சன் ஹாங்காங்கில் பத்திரிகைக்காரர்கள் முன்னிலையில் அதை உரித்துத் தின்றார். ஊரெல்லாம் வாயைப் பிளந்தது. ஒரு பென்ஷன்காரரும் பிளந்திருக்க மாட்டார். அவர் வாங்கியது பழமா? சான்றிதழும், எப்படி ஒட்ட வேண்டும் என்ற குறிப்பும். பழம் அழுகினால் வேறு மாட்டிக்கொள்ளலாம். சான்றிதழ் கையில் இருக்கிற வரைக்கும் படைப்பு உயிரோடிருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் நீங்கள் ஒட்டினால் அது சுவரில் ஒட்டிய வாழைப்பழம், வீட்டில் திட்டு விழும்.

நானும் அப்படித்தான் இருக்கிறேன். வருஷா வருஷம் நவம்பரில் நான் உயிரோடிருக்கிறேன் என்று சான்று தர வேண்டும். நேரில் போய் நின்றால் போதாது. நிற்பது நான்தான் என்பது என்னுடைய அபிப்பிராயம், அவ்வளவுதான். போன நவம்பரில் கட்டைவிரலை இயந்திரத்தில் வைத்தேன். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தேன். சிவப்பு. மற்ற கட்டைவிரல். சிவப்பு. கவுன்ட்டரில் இருந்த பெண், "அங்கிள், ரேகை தேய்ந்துபோச்சு" என்று ஹிந்தியில் இரக்கப்பட்டாள். காகிதம் புரட்டியே தேய்ந்தது, வேறெதற்கு? பின்னால் வரிசையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் லேசாக அனுதாபம் கலந்திருந்தது. அப்புறம் அவள் செல்போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். கண்ணைச் சிமிட்டச் சொன்னது. சிமிட்டினேன். உயிரோடிருப்பதாக ஒப்புக்கொண்டது. வீட்டுக்கு வந்து சொன்னேன். "நல்லதாப் போச்சு. அப்படியே கரன்ட் பில்லையும் கட்டிட்டு வந்திருக்கலாம்" என்றாள் மனைவி.

ஆக, காகிதம்தான் பொருள், பொருள் வெறும் இணைப்பு என்று எனக்கு யாரும் அட்டை ஒட்டிச் சொல்ல வேண்டியதில்லை. அதைத்தான் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்துவந்தோம். மாலையில் ஒயின் கொடுக்கவில்லை, சீஸ் கொடுக்கவில்லை. கேன்டீனில் ஆறின பிரெட் பக்கோடா. எங்கள் காகிதத்தின் முடிவில் யாருக்கோ இன்கிரிமென்டாவது வந்தது.

உடனே, கிழவனுக்கு நவீனக் கலை ஆகாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஷில்பா குப்தாவை எனக்குப் பிடிக்கும். மும்பைக்காரர். ஒரு தடவை அவர் சோப்புக் கட்டிகளை அடுக்கிச் செங்கல் சுவர் போல எழுப்பினார். ஒவ்வொரு சோப்பிலும் 'த்ரெட்', மிரட்டல் என்று அச்சு. பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொன்று எடுத்துப் போகலாம். வீட்டுக்குப் போய்க் குளித்தால் மிரட்டல் கரைந்துபோகும், இங்கே சுவரும் குறைந்துகொண்டே வரும். குழந்தைக்கும் புரியும். 2018 டிசம்பரில் கொச்சி பினாலே தொடங்கியபோது நான் எல்.டி.சி. என்கிற விடுப்புப் பயணச் சலுகையில் குடும்பத்தோடு கேரளா போயிருந்தேன். அங்கே அவர் ஓர் அறையில் நூறு மைக்குகளைத் தொங்கவிட்டிருந்தார். எழுதியதற்காகவும் அரசியலுக்காகவும் சிறைக்குப் போன நூறு கவிஞர்கள், எட்டாம் நூற்றாண்டிலிருந்து இன்றைக்கு வரைக்கும். மைக்தான் அங்கே பேசுகிறது. ஒன்று ஒரு வரி சொல்லும், மற்றவை திருப்பிச் சொல்லும். ஒவ்வொரு மைக்குக்கும் கீழே ஓர் இரும்புக் கம்பி. கம்பி நுனியில் குத்தி நிறுத்திய ஒரு காகிதம், அதில் அந்தக் கவிஞர்களில் ஒருவரின் கவிதை.

அந்தக் கம்பியைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் கேஷ் செக்‌ஷனில் வவுச்சர் குத்திவைக்கிற கம்பி. பாஸான காகிதம், இனி யாரும் எடுத்துப் பார்க்க வேண்டாத காகிதம், நடுவில் ஓட்டையோடு அதில் இறங்கும். இத்தனை வருஷம் எத்தனை காகிதத்தை நானே அப்படிக் குத்தியிருக்கிறேன். என் மனைவி கையைப் பின்னால் கட்டவில்லை, 'ம்' போடவில்லை. "இவங்க எல்லாரையும் வெளியில விட்டாங்களா?" என்றாள். அட்டையில் பதில் இருந்திருக்கலாம். இரண்டு பேருமே தேடவில்லை.

கொச்சி வரைக்கும் போவானேன்? இதே லோதி ரோட்டில் ஹேபிடாட் சென்டரைத் தாண்டி லோதி காலனிக்குள் நடந்தால் போதும். வெள்ளைக்காரன் போவதற்கு முன்னால் டெல்லியில் கடைசியாகக் கட்டிய அரசு ஊழியர் குடியிருப்பு அது. பெரிய பெரிய வளைவுகள், கட்டட முகப்பெல்லாம் உயரமான வெறும் சுவர். கன்னா மார்க்கெட்டுக்கும் மெஹர்சந்த் மார்க்கெட்டுக்கும் நடுவில் அந்தச் சுவர்களில் எல்லாம் ஸ்டார்ட் இந்தியா அமைப்பு உள்ளூர், வெளியூர், வெளிநாட்டு ஓவியர்களைக் கூப்பிட்டு வரையவைத்தது. இப்போது கல்யாணத்துக்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொள்ள ஜோடிகள் வருகிறார்கள். குடியிருக்கிறவர்கள் மாடியில் போர்வை காயப்போட்டுவிட்டு அவர்களை வேடிக்கை பார்க்கிறார்கள்.

அங்கே 2016இல் 'டாகு' என்று தன்னை அழைத்துக்கொள்கிற தெரு ஓவியர் ஒரு சுவரில் எழுதினார். எழுதினார் என்றால் பெயின்ட்டில் இல்லை. எழுத்துகளை வெட்டிச் சுவரிலிருந்து துருத்திக்கொண்டிருக்கும்படி பதித்துவிட்டார். காலையில் போனால் ஏதோ ஆணி அடித்த மாதிரி இருக்கும், ஒன்றும் படிக்க முடியாது. வெயில் ஏற ஏற நிழல் சுவரில் இறங்கும். உச்சி வேளைக்கு நிழல் நேராகி, சொற்களாகி, காலம் எதையெதை மாற்றும் என்று வரிசையாகச் சொல்லும். பொழுது சாய்ந்தால் சொற்கள் இழுபட்டுச் சிதைந்து கலைந்துபோகும். செய்த புதிதில் பார்த்தேன். எதிரே மரத்தடியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர், நான் காலையில் வந்து விழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "இப்ப ஆகாது, பன்னிரண்டுக்கு வாங்க" என்றார். பதினொன்றுக்கு மேல் வருவது, லஞ்சுக்குப் பிறகு மெல்ல மெல்லக் காணாமல் போவது: அந்தக் காலனியில் குடியிருக்க முழுத் தகுதி உள்ள நிழல். நான் பன்னிரண்டுக்கு வந்தேன். படித்தேன். அட்டை இல்லை, கோடு இல்லை, காவலாளி இல்லை. இஸ்திரிக்காரர் சொன்ன ஒரு வரிதான் விளக்கம். எல்லாக் காட்சிக்கூடமும் அவரை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பார்வையாளர் புத்தகத்தில் எழுதியதை இங்கே போட வேண்டாம் என்கிறாள் மனைவி. தம்பி மகனுக்கு அந்தக் கலைஞர் சிநேகிதராம். விட்டுவிடுகிறேன்.

சக பென்ஷன்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. உயிர்வாழ் சான்று நவம்பர் 1 முதல் 30 வரைக்கும். 80 தாண்டியவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம். ரேகை விழவில்லை என்றால் முகத்தைக் காட்டலாம். சிமிட்டச் சொன்னால் சிமிட்டுங்கள், வாதாடாதீர்கள்.